தலைமடையில் நிற்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். மறுநாள் உங்கள் மதுரைப் பதிப்பில், எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் மரக்கன்று நடும் படம் வந்திருந்தது. நட்டவர்களில் பாதிப் பேர் என் கையால் மதியச் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் படத்தின் இடது ஓரத்தில் ஒரு பள்ளம் தெரிகிறது. அது கண்மாயின் வரத்துக்கால். அதற்குள் வெள்ளையும் நீலமுமாகக் கிடப்பவை பால் பாக்கெட்டுகள், மண்டபத்தில் விருந்து முடிந்து கொட்டிய தட்டுகள், கோழிக்கடைச் சாக்குகள், குழந்தைகளின் டயப்பர்கள். கண்மாய்க்குள் தண்ணீர் வருகிற ஒரே வழி அதுதான். கன்றுக்கு ஊற்றிய குடத்துத் தண்ணீர் நாலு நாளைக்குத்தான். அப்புறம் அந்த மரம் குடிக்க வேண்டியது அந்தக் காலில் வருகிற தண்ணீரைத்தான்.

நான் மேலூர் வட்டத்துக்காரி. 27 வருடம் சத்துணவு மையத்தில் வேலை பார்த்து, அமைப்பாளராக ஓய்வு பெற்றேன். அறிவியல் படித்தவள் அல்ல. என் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு. பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்தால்தான் அவளுக்கு மனதில் நிற்கும். அரிசி புடைத்துக்கொண்டு நானும் கேட்பேன். அப்படிக் கேட்டதில் பாதி, என் மாமனார் கண்மாய்க் கரையில் சொன்னதாகவே இருந்தது. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமனார் எங்கள் கண்மாயின் நீர்பாய்ச்சி. எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் தண்ணீர் என்பது அவர் பொறுப்பு. அறுவடை முடிந்ததும் களத்தில் ஒவ்வொரு வீட்டாரும் நெல் அளப்பார்கள், அதுதான் சம்பளம். கல்யாணமாகி வந்த வருடம், ஒரு கார்த்திகை விடியற்காலையில் அவர் மடை திறப்பதைப் பார்த்தேன். கரையிலிருந்து சற்று உள்ளே, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். குமிழி மடை என்பார்கள். உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்து, இடுப்பில் ஒரு துண்டோடு தூணைப் பிடித்து மூச்சை இழுத்து உள்ளே போனார். நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். முப்பது தாண்டியதும் வயிற்றைப் பிசைந்தது. மாமியார் பாட்டுக்கு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் குபுகுபுவென்று சத்தம். தண்ணீர் செம்பழுப்பாகச் சீறிக்கொண்டு வந்தது. அவர் தலை வெளியே தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தண்ணீர் ஏன் இவ்வளவு கலங்கலாக வருகிறது என்று கேட்டேன். தூண்களுக்கு அடியில் ஒரு கல் தொட்டி இருக்கிறது, அதில் இரண்டு வகைத் துளைகள் உண்டு என்று விளக்கினார். மேலே இருப்பது தண்ணீரை விடும், அதற்கு நீரோடி என்று பெயர். அடியில் இருக்கும் சிறு துளைகள் சேற்றை இழுத்துக்கொண்டு போகும், அவை சேறோடி. மேட்டிலிருந்து மழை அடித்து வந்த வண்டல், கண்மாயைத் தூர்க்காமல் வயலுக்கே போய்விடும். கோடையில் கண்மாய் காய்ந்ததும் மிச்ச வண்டலை மாட்டு வண்டியில் அள்ளி வயலில் கொட்டுவோம். கண்மாய் ஆழமாகும், வயலுக்கு உரமாகும். பாண்டியர் காலத்திலிருந்தே இந்த ஊர்ப்பக்கக் கண்மாய்களில் குமிழி மடைகள் உண்டு. பேத்தியின் புத்தகத்தில் 'ஊட்டப்பொருள் சுழற்சி' என்று ஒரு பாடம் வந்தபோது, எனக்கு அந்தச் செம்பழுப்புத் தண்ணீர்தான் கண்ணில் வந்து நின்றது.

இப்போது வண்டல் அள்ள ஆள் இல்லை, மாடும் இல்லை. மூட்டை மூட்டையாக யூரியாவும் டிஏபியும் போடுகிறோம். பயிர் எடுத்துக்கொண்டது போக மீதி, மழையோடு வாய்க்காலில் இறங்கி அடுத்த கண்மாய்க்குப் போகிறது. வீட்டுச் சாக்கடையும் அதோடு சேர்கிறது. அந்தச் சத்தைத் தின்றுதான் ஆகாயத்தாமரை கண்மாயை மூடுகிறது. அது தென் அமெரிக்கச் செடி, இங்கே இயற்கையாக அதைக் கட்டுப்படுத்துகிற பூச்சியோ மீனோ கிடையாது. மேலே பச்சைப் பாய் விரித்ததும் கீழே வெளிச்சம் போகாது. அழுகுகிற இலைகள் தண்ணீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். ஒருநாள் காலையில் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதக்கும். உடனே 'யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்' என்பார்கள். யாரும் வைக்க வேண்டியதில்லை.

மீன் என்றதும் ஊத்தா, அதாவது அடியில்லாத மீன்பிடிக் கூடை, ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கத்தில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை ஒருவர்கூட உள்ளே கால் வைக்கக் கூடாது. வீசியதும் ஊத்தா, கச்சா, கூடை, வேட்டித் துணி என்று கையில் கிடைத்ததோடு ஊரே சேற்றில் இறங்கும். பிடித்த மீனை விற்கக் கூடாது, அன்று எல்லா வீட்டிலும் மீன் குழம்புதான். என் நாத்தனார் ஊத்தாவைக் குத்தி, மேல் வாய் வழியாகக் கையை விட்டு, மீனைத் தொட்ட மாத்திரத்தில் பெயர் சொல்லுவார். வழுவழுவென்று தலை தட்டையாக இருந்தால் விரால். மீசை பட்டால் கெளுத்தி, முள்ளைப் பார்த்து எடு. விரல் இடுக்கில் நெளிந்து ஓடினால் அயிரை. மதுரைக்காரர்களுக்கு அயிரைக் குழம்பைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு நடந்த திருவிழாவில் நாத்தனார் கையை விட்டு விட்டு எடுத்தது எல்லாமே ஜிலேபிக் கெண்டை. நடுவில் இரண்டு ஆப்பிரிக்கத் தேளி. அந்தத் தேளியை வளர்க்கவே நம் நாட்டில் தடை இருக்கிறது, ஆனால் எப்படியோ கண்மாய்க்குள் வந்துவிட்டது. ஜிலேபியும் ஆப்பிரிக்க மீன்தான், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சீக்கிரம் பெருகும், மலிவாகப் புரதம் கிடைக்கும் என்ற நல்ல எண்ணத்தில் கொண்டுவந்ததுதான். எந்தச் சாக்கடையிலும் பிழைக்கும், வருடத்தில் பலமுறை குஞ்சு பொரிக்கும், மற்ற மீனின் முட்டையையும் விடாது. நாத்தனார் ஒன்றும் பேசவில்லை. கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு எழுபது வயது. அந்தக் கண்மாயில் அயிரை இல்லாத கோடையை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

அன்று ராத்திரி பேத்தி சொன்ன கணக்கு என்னால் மறக்க முடியாதது. லிண்ட்மேன் என்ற சூழலியல் அறிஞர் 1942-ல் சொன்னதாம். புல் பூண்டு, பாசியில் ஆயிரம் பங்கு சக்தி இருந்தால், அதைத் தின்னும் பூச்சிக்குச் சுமார் நூறு பங்குதான் போய்ச் சேரும். பூச்சியைத் தின்னும் மீனுக்குப் பத்து. மீனைத் தின்னும் நாரைக்கு ஒன்று. மீதியெல்லாம் ஒவ்வொரு படியிலும் வெப்பமாகப் போய்விடும். "அப்பத்தா, ஒரே ஒரு நாரை கண்மாய்ல நிக்கணும்னா அதுக்குக் கீழ எவ்வளவு வேணும் பாத்துக்க" என்றாள். நூறு பிள்ளைக்கு உலை வைத்தவள் நான், அந்தக் கணக்கு எனக்குப் புரியும். புரியாமல் போனது அடுத்து அவள் சொன்னது. சக்தி மேலே போகப் போகக் குறைகிறது, ஆனால் சில நஞ்சுகள் மேலே போகப் போகக் கூடுகின்றனவாம். பாசியில் துளியாக இருந்தது, மீனில் சேர்ந்து, நாரையிலும் மனிதரிலும் பல மடங்காகத் தங்கிவிடும். பூச்சிமருந்து அடித்துவிட்டுக் காலி பாட்டிலை மடை ஓரத்திலேயே அலசி எறிகிறோமே, அது இந்த வழியாகத்தான் நம் இலைக்குத் திரும்பி வருகிறது.

மற்றவர்களை மட்டும் சொல்லிக்கொண்டு போக என் மனசாட்சி விடாது. சத்துணவு மையத்துக்கு எண்ணெய் பாக்கெட்டில் வரும். காலி பாக்கெட்டைச் சேர்த்து வைத்து, வாரத்துக்கு ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நான்தான் எரிப்பேன். கருகருவென்று புகை வரும். காற்று திரும்பினால் வகுப்புக்குள் போகும், பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். சுத்தமாக வைத்திருக்கிறேன் என்றுதான் நம்பினேன். இத்தனை வருடம். வேதியியல் பாடத்தில் 'பொருள் அழிவதில்லை, உருமாறும்' என்று பேத்தி படித்தபோது கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். நான் எரித்தது எங்கும் போய்விடவில்லை. புகையாகப் பிள்ளைகளின் மூச்சிலும், சாம்பலாக அந்த மண்ணிலும் போய்ச் சேர்ந்திருக்கிறது. 'தூக்கிப் போடு' என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறோம், எங்கே போட்டாலும் அது யாரோ ஒருவர் வாசல்தான்.

எங்கள் வாசலுக்கும் எங்கிருந்தோ வருகிறது, நல்லதும் வருகிறது. மாமனார் வாய்க்கால் தண்ணீரைக் கையில் அள்ளி "இது மேக்க மலையில பேஞ்ச மழை" என்பார். உண்மைதான். பெரியாறு, மேற்கே ஓடி அரபிக் கடலில் விழ வேண்டிய ஆறு. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையில் அதைத் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அது வைகையோடு சேர்ந்து, 1959-ல் திறந்த வைகை அணையில் தேங்கி, பேரணை வழியாகப் பெரியாறு பிரதானக் கால்வாயில் எங்கள் பக்கம் வருகிறது. மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கர் ஒருபோகம் விளைவது இந்தத் தண்ணீரை நம்பித்தான். ஆக, நாங்கள் கண்ணால் பார்த்திராத ஒரு காடு எங்கள் சோற்றுப் பானைக்குள் இருக்கிறது. அந்தக் காட்டு மண் மழையைப் பிடித்து வைத்து மெதுவாக விடுவதால்தான் ஆறு ஆறாக இருக்கிறது. அங்கே ஒரு மரம் விழுந்தால் எங்களுக்கு என்ன என்று கேட்க எங்களுக்கு வழியில்லை.

2024 இறுதியில் எங்கள் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் என்ற பேச்சு வந்தபோது, ஊரே கிளம்பியதைப் பத்திரிகைகள் எழுதின. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர், 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். ஏழு மலை, சமணப் படுக்கைகள், தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டு, வல்லூறும் ராசாளியும் கூடு கட்டும் பாறைகள், வற்றாத சுனைகள். சட்டமன்றத்திலும் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரியில் மதுரையை நோக்கி நடந்த கூட்டத்தில் நானும் நடந்தேன். முழங்கால் வலியோடு நடந்தேன். அந்த மாதமே சுரங்கத்துக்கான ஏலம் ரத்தானது. அன்று நாங்கள் அழுததும் சிரித்ததும் பொய்யில்லை.

சரி, அதற்குப் பிறகு? வெற்றியைக் கொண்டாடிய விருந்தின் தட்டுகளும் டம்ளர்களும் மறுநாள் காலையில் எங்கள் வரத்துக்காலில் கிடந்தன. நான் என் கண்ணால் பார்த்தேன். வெளியிலிருந்து வந்ததை ஒரே மூச்சில் தடுத்த நாம், நம் கையால் தினம் செய்வதைக் கண்டுகொள்வதில்லை. சுரங்கம் வந்தால் கண்மாய் சாகும் என்று முழங்கினோமே, அது சாவது சுரங்கத்தால் மட்டும்தானா? 2024 அக்டோபர் மழையில் மதுரை செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, டவுனில் கண்மாயையும் வாய்க்காலையும் விட்டுவைக்கவில்லை என்று எங்கள் ஊர் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். தல்லாகுளம், உலகனேரி என்று பெயரில் மட்டும் அங்கே குளமும் ஏரியும் இருக்கின்றன. நாங்களும் அந்தப் பாதையில்தான் போகிறோம், கொஞ்சம் பின்னால்.

என் கொழுந்தன் மகன் வக்கீல். 'கெடுத்தவரே அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும்', 'கெடுதல் வரலாம் என்று தெரிந்தாலே, முழு ஆதாரம் வரட்டும் என்று காத்திருக்காமல் தடுக்க வேண்டும்' என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது நம் தமிழ்நாட்டு வழக்கில்தான் என்று அவன் சொன்னான். பாலாற்றைக் கெடுத்த வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் மீதான வழக்கு. அரசியலமைப்பின் 51ஏ பிரிவும் காடு, ஏரி, ஆறு, காட்டுயிர்களைக் காப்பதும் உயிர்களிடம் இரக்கம் காட்டுவதும் குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்கிறது. பெரிய ஆலைக்குப் பொருந்துகிற சட்டம் மண்டபக்காரருக்கும் கோழிக்கடைக்காரருக்கும் பாமாயில் பாக்கெட் எரித்த எனக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

தூர்வாருவதைப் பற்றி ஒரு வார்த்தை. கண்மாயைச் சீரமைக்கிறோம் என்று ஜேசிபியை விட்டு ஒரே இடத்தில் கிணறு மாதிரித் தோண்டுகிறார்கள். மடையின் மட்டத்துக்குக் கீழே தோண்டிய குழியில் நிற்கிற தண்ணீர் வயலுக்கு ஏறாது. கரையை ஒட்டித் தோண்டினால் கரை பலம் இழக்கும். அடியில் தண்ணீரைத் தாங்குகிற களியைப் பெயர்த்துவிட்டால் தேங்கியதும் இறங்கிவிடும். மேலாக இருக்கும் வண்டலை மட்டும் எடுத்து வயலுக்குக் கொண்டுபோக விவசாயிகளுக்கு அரசே அனுமதி தருகிறது. அதை முறையாகச் செய்தாலே போதும். கன்று நடுவதாக இருந்தால் கரையின் வெளிச்சரிவில் பனங்கொட்டை போடுங்கள் என்பேன். நம் பெரியவர்கள் வரிசையாகப் பனை வைத்ததற்குக் காரணம் இருந்தது, அதன் வேர் கரையைப் பிடிக்கும்.

கடைசியாக மாமனாரிடம் திரும்பி வருகிறேன். தண்ணீர் குறைந்த வருடங்களில் முறைத் தண்ணீர் விடுவார்கள். தண்ணீர் முதலில் பாய்கிற தலைமடை வயலில் அவருடைய சொந்த அண்ணன் நெல் போட்டிருந்தார். ஒருநாள் நடுராத்திரி மாமனார் மண்வெட்டியோடு போய் அண்ணன் வயலுக்குள் தண்ணீர் போகிற வாமடையை அடைத்துவிட்டு வந்தார். விடிந்ததும் அண்ணன் வாசலில் நின்று சண்டை போட்டார். "ஏண்டா, எம் பயிரு காயுது, தண்ணி எங்க வீட்டு வாசல் வழியாத்தானே போகுது?" மாமனார் குரலை உயர்த்தவில்லை. "வழியாத்தான் போகுது அண்ணே, உனக்காகப் போகல. கடைமடை இன்னும் நனையல" என்றார். அண்ணன் நாலு மாதம் பேசவில்லை. அந்த வருடம் கடைமடையில் கருதறுத்தவர்கள் யாரும் எங்களுக்குச் சொந்தமில்லை.

பேத்தி படிப்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றுகிறது. மலை, காற்று, தண்ணீர், மண் எல்லாம் நம் வாசல் வழியாகத்தான் போகின்றன. நாம் தலைமடையில் நிற்கிறோம். அவளும் அவள் பிள்ளைகளும் கடைமடை. அவர்களால் ராத்திரியில் மண்வெட்டியோடு வந்து நம் வாமடையை அடைக்க முடியாது, நாமேதான் அடைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் படம் வந்த பிறகு வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், மகளிர் குழுப் பெண்களும் படத்தில் இருந்த பிள்ளைகள் நாலு பேருமாகப் பதினோரு பேர் வரத்துக்காலில் இறங்கினோம். இருநூறு அடி சுத்தம் செய்ததில் 63 சாக்கு நிறைந்தது. அந்தச் சாக்குகளை எரிக்க நான் விடவில்லை. பள்ளிக்கூடச் சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறோம். குப்பை வண்டி மெயின் ரோட்டோடு திரும்பிவிடுகிறது, உள்ளே வருவதில்லை. எடுத்துப்போகச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று, இன்னும் எடுக்கவில்லை. மழை வருவதற்குள் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் திரும்பவும் அந்தக் காலுக்கே போய்விடும். இந்தக் கடிதத்தைப் பார்த்தாவது உரியவர்கள் ஒரு வண்டி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னும் அறுநூறு அடி பாக்கி. ஆடிக்குள் முடித்துவிடுவோம்.

கால்வாயில் தண்ணீர் திறந்து எங்கள் கண்மாய்க்கு வந்து சேரும்போது, முடிந்தால் அதே படக்காரரை இன்னொரு முறை அனுப்புங்கள். மரக்கன்று நட்ட இடத்திலேயே நிற்கட்டும். கேமராவைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.